லண்டன் மருமகள் எழுதின சாப்பாட்டு இங்கிலிஷ் விளங்கேல்ல, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

முத்தையன்கட்டு மாமி:

வணக்கம். இதை எங்க கேக்கிறதெண்டு தெரியாமல்தான் இஞ்ச எழுதிறன். ஓகஸ்ட் லீவுக்கு லண்டனில இருந்து அண்ணான்ர குடும்பம் வந்து எங்கட வீட்டில ஒரு கிழமை நிண்டவை. மகளுக்கு 17 வயசு, மகனுக்கு 14. நல்ல பிள்ளையள், தமிழ் விளங்கும் ஆனா திருப்பிக் கதைக்க வராது, நான் ஓலெவல் வரைக்கும் படிச்ச இங்கிலிஷ வச்சுக்கொண்டு ஒரு மாதிரிச் சமாளிச்சனான்.

அவை வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் விடிய 4 மணிக்கு எழும்பி சிவப்பரிசிப் புட்டு அவிச்சு, குளத்து விரால்மீன் குழம்பு, ஊர்க்கோழிக் கறி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் வச்சனான். எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு சட்டியில ஒட்டிக்கிடந்த குழம்புக்குள்ள மிச்சப் புட்டைப் போட்டுப் பிரட்டித்தான் நான் சாப்பிட்டது. பின்னேரம் எங்கட குடும்ப வட்ஸ்அப் குறூப்பில மருமகள் சாப்பாட்டுப் படம் போட்டு, கீழ "மாமி ஏட் அண்ட் லெஃப்ட் நோ கிரம்ஸ்" எண்டு எழுதியிருக்கிறாள். ஏட் எண்டா சாப்பிட்டா, கிரம்ஸ் எண்டா பாண் துகள், அவ்வளவு எனக்குத் தெரியும். அப்ப மாமி எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டா, ஒரு துகளும் மிச்சம் வைக்கேல்ல எண்டுதானே அர்த்தம்? அண்ணியும் அதுக்கு ஒரு சிரிப்புப் படம் போட்டிருந்தவ. எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்திட்டுது. அடுத்த நாள் அவை வான் ஏறேக்க நான் பெரிசா ஒண்டும் கதைக்கேல்ல, கையை மட்டும் காட்டினன்.

இப்ப அவை போய் ரெண்டு கிழமை. நேற்று அவள் எனக்குத் தனியா "மாமி ஆர் யூ சோல்ட்டி வித் மீ" எண்டு அனுப்பியிருக்கிறாள். கறிக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லுறாளோ எண்டு பாத்தா பிறகேன் வித் மீ எண்டு கிடக்கு. தம்பிக்காரன் சோதினை வருதெண்டு சொல்லி "ஐ ஆம் குக்ட்" எண்டு குறூப்பில போட்டிருக்கிறான், அவன் சமையல் படிக்கிறானோ? அண்ணாவிட்டக் கேக்கலாம், கேட்டா நான் மனம் நொந்தது தெரிஞ்சுபோம், பிள்ளைக்கு ஏச்சு விழும். தெரிஞ்ச ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான் லண்டன்:

அக்கா, முதல் அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். அவள் உங்களைப் புகழ்ந்திருக்கிறாள்.

"ஷீ ஏட்" எண்டு இப்பத்தைப் பிள்ளையள் சொன்னா, அவ செய்ததுக்கு மேல ஆராலயும் செய்ய ஏலாது எண்டு அர்த்தம். பாட்டோ, டான்ஸோ, உடுத்த உடுப்போ, சமையலோ, எதுக்கும் சொல்லுவினம். "நோ கிரம்ஸ்" எண்டா குறை பிடிக்க ஒரு துணிக்கையும் மிச்சமில்லை எண்டுறது. நாங்கள் "மாமி கலக்கிப்போட்டா" எண்டு சொல்லுவமே, அதுதான். அமெரிக்காவில கறுப்பின ஆக்களின்ர பேச்சில இருந்து கிளம்பி போனுக்குள்ளால உலகம் முழுக்கப் பரவின சொல்லு, என்ர மகளும் நாளுக்கு பத்துத் தரம் சொல்லுவாள்.

"சோல்ட்டி" எண்டா உள்ளுக்க எரிச்சலோட முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறது. "மாமி, என்னோட கோவமோ?" எண்டு கேட்டிருக்கிறாள். நீங்கள் கையை மட்டும் காட்டினதை அவள் கண்டிருக்கிறாள் அக்கா, ரெண்டு கிழமையா மனசுக்க வச்சுக்கொண்டு இருந்திட்டுத்தான் கேட்டிருப்பாள். "குக்ட்" எண்டா என்ர கதை முடிஞ்சுது, பெடியன் சோதினைக்குப் படிக்கேல்ல போல கிடக்கு. ஆனா "லெற் ஹிம் குக்" எண்டு ஆரும் எழுதினா அது வேற, அவன் என்னவோ நல்லதாச் செய்துகொண்டிருக்கிறான், குறுக்க போகாமல் விடுங்கோ எண்டுறது.

உங்கட கேள்வியோட எனக்கு என்ர பழைய கதை வந்திட்டுது, அதையும் எழுதிறன். இஞ்ச வந்த புதுசில ஒரு பாண் பக்ரறியில இரவு வேலை. ஒருநாள் தட்டுகளைப் பிழையான வண்டிலில அடுக்கிப்போட்டன், சுப்பவைசர் தூர நிண்டு "யூஸ் யுவர் லோஃப்" எண்டு கத்தினான். லோஃப் எண்டா முழுப் பாண் எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். உனக்குரிய பாணை நீ பாவி எண்டு சொல்லுறான், வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு பாண் குடுக்கிறவை போல எண்டு நினைச்சிட்டன். விடிய வேலை முடிய ஒரு பாணைப் பைக்குள்ள வச்சுக்கொண்டு வெளிக்கிட வாசலில மறிச்சுப் பையைத் திறந்தாங்கள். கள்ளன் எண்டு எழுதாத குறையா ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தவை. விளக்கம் சொல்ல வாயில மொழியில்லை. பஸ்ஸுக்குக் காசு இருந்தும் அண்டைக்கு அறைக்கு நடந்துதான் போனன், ஆரும் என்ர முகத்தைப் பாக்கக்கூடாதெண்டு.

பிறகுதான் ஒரு வயசுபோன வெள்ளைக்காரர், என்னோட ஒரே மேசையில நிண்டு வேலை செய்தவர், இருத்தி வச்சு விளக்கினார். அது கிழக்கு லண்டன் ஆக்களின்ர பழைய பேச்சு. ஹெட் எண்டதோட சந்தம் ஒத்துப்போறது பிரெட், அதால தலைக்கு "லோஃப் ஒஃப் பிரெட்" எண்டு பேர் வச்சு, பேந்து பிரெட்டையும் விட்டிட்டு வெறும் லோஃப் எண்டுறது. தலையைப் பாவி, யோசிச்சுச் செய் எண்டுதான் அவன் சொன்னது. பொய்க்கு "போர்க்கி" எண்டுறதும் இப்பிடித்தான், லைஸுக்குச் சந்தம் போர்க் பைஸ். "பிரவுண் பிரெட்" எண்டா டெட், ஆள் செத்துப்போச்சு. கறி சாப்பிடப் போறதுக்கு "ரூபி" எண்டுவினம், அது 1950களில பேர்பெற்ற ரூபி மறே எண்ட பாட்டுக்காரியின்ர பேர், மறேயும் கறியும் சந்தம். வெறும் பிரெட் எண்டாலும் டோ எண்டாலும் காசு. பாணும் பாணுக்குக் குழைக்கிற மாவும் காசாப் போச்சு பாருங்கோ.

இன்னொண்டு, இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ. தமிழ் வராத பிள்ளையள ஆரும் "கொக்கனட்" எண்டு கூப்பிட்டா சிரிச்சுக்கொண்டு விடாதேங்கோ. வெளியில மண்ணிறம், உள்ளுக்க வெள்ளை, அதாவது எங்கட நிறத்தில பிறந்திட்டு வெள்ளைக்காரர் மாதிரி நடக்கிறாய் எண்டு குத்துறது. எங்கட ஆக்களே எங்கட பிள்ளையளுக்குச் சொல்லுறவை. என்ர மகன் ஒரு கொண்டாட்டத்தில இதைக் கேட்டிட்டு வந்து, இனித் தமிழ் படிக்கமாட்டன் எண்டு புத்தகத்தைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழ போட்டவன். திருப்பி எடுக்க வைக்க எனக்கு ஆறு மாசம் பிடிச்சது.

நெளுக்குளம் பெட்டை:

அன்ரி கவலைப்படாதேங்கோ, எங்கட கம்பஸ்ஸில நாங்களும் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் மெசேஜ் போடுறனாங்கள். இன்னொண்டும் வரும் பாருங்கோ, "ஸ்பில் த ரீ" எண்டு. அங்க ரீ எண்டா தேத்தண்ணி இல்லை, விடுப்பு. அவவுக்கும் இவருக்கும் என்ன நடந்தது, சொல்லு சொல்லு எண்டு விடுப்புக் கேக்கிறது. பழைய ஆக்கள் "ஸ்பில் த பீன்ஸ்" எண்டு சொல்லுறதும் இதுதான், முந்திக் கிரேக்க நாட்டில பயத்தங்கொட்டை போட்டு வோட்டு எண்ணேக்க ஆரோ சாடியைத் தட்டிவிட ரகசியம் வெளிய வந்ததாம், அதால வந்த சொல்லாம். "பீஃப்" எண்டா மாட்டிறைச்சி இல்லை, மனஸ்தாபம், அவைக்குள்ள பீஃப் எண்டா ஆளையாள் முகம் பாக்கிறேல்ல எண்டு அர்த்தம்.

கிளிநொச்சி இங்கிலிஷ் ரீச்சர்:

தங்கச்சி, அந்தக் கிரேக்கக் கதை நல்ல கதை, ஆனா அதுக்கு ஆதாரம் இல்லை. பீன்ஸைக் கொட்டுறது எண்ட பேச்சு இந்த அர்த்தத்தில எழுத்தில வாறது 1900க்குப் பிறகு, அமெரிக்காவில. வோட்டுப் போட்ட காலத்துக்கும் அதுக்கும் இடையில ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல கிடக்கு, அவ்வளவு காலம் ஒரு சொல்லு ஒளிச்சிருக்காது. மற்றது ரீயும் பீன்ஸும் ஒண்டில்லை. பீன்ஸ் எண்டா மூடி வச்ச ரகசியம் வாய் தவறி வெளிய வாறது, கலியாணப் பேச்சை முற்றாக்க முதல் சின்னம்மா ஊருக்குச் சொல்லிப்போடுறா பாருங்கோ, அது. ரீ எண்டா ருசிச்சு ருசிச்சுக் கேக்கிற விடுப்பு.

எனக்கு இந்த உப்பு விசயத்தில ரெண்டு வசனம் எழுதாமல் இருக்க ஏலாது. இங்கிலிஷிலயும் உப்பு முந்தி மரியாதையான சாமான். சம்பளத்துக்குச் சொல்லுற சலரி எண்ட சொல்லு லத்தீனில உப்புக்குள்ள சால் எண்டதில இருந்து வந்தது. "வேர்த் ஹிஸ் சோல்ட்" எண்டா வாங்கிற சம்பளத்துக்கு உண்மையா உழைக்கிறவன். "சோல்ட் ஒஃப் தி ஏர்த்" எண்டா சூது வாது இல்லாத நல்ல மனுசர், அது பைபிளில, நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள் எண்ட வசனத்தில இருந்து. எங்களுக்கும் அப்பிடித்தானே, உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டுறம், ரோசமில்லாதவனைப் பாத்து நீ உப்புப் போட்டுத்தான் சோறு தின்னுறியோ எண்டு கேக்கிறம். அப்பிடிப்பட்ட உப்பு 1930களில அமெரிக்காவில கறுப்பின ஆக்களின்ர பேச்சில திடீரெண்டு கோவிக்கிறதுக்குப் பேரா வந்து, பிறகு கேம் விளையாடித் தோத்துப்போற பெடியளால இப்ப எல்லா இடமும் நிக்குது. ஆனையிறவு உப்பளத்தைப் பாத்துக்கொண்டு பஸ்ஸில போற எங்கட பிள்ளையளுக்கு உப்பு எண்டவுடன எரிச்சல் ஞாபகம் வராது, நன்றிதான் ஞாபகம் வரும். அதால அக்கா பிழையா விளங்கினது அக்கான்ர பிழை இல்லை.

சாப்பாடு மாதிரித் தெரிஞ்சு சாப்பாடே இல்லாததும் இருக்கு. "கறி ஃபேவர்" எண்டா ஒருவருக்குப் பந்தம் பிடிச்சுக் காரியம் பாக்கிறது. எங்கட கறியத் தூக்கிக் குடுத்து ஆளை மடக்கிறதாக்கும் எண்டு என்ர வகுப்பில எல்லாரும் எழுதினவை, வாசிக்க நல்லாத்தான் இருந்தது. சாப்பாட்டுக் கறி எங்கட தமிழ்ச் சொல்லு எண்டது உண்மை. ஆனா இந்தக் கறி பழைய பிரெஞ்சில இருந்து வந்தது, குதிரையத் தேய்ச்சுத் துப்பரவாக்கிறதுக்குச் சொல்லுற சொல்லு. ஃபோவெல் எண்டு ஒரு பழைய கதைக் குதிரை, அதைத் தேய்ச்சு விடுறது எண்டுதான் முதல் இருந்தது, காலப்போக்கில ஃபோவெல் ஃபேவராத் திரிஞ்சு போச்சு. அதே மாதிரி "எக் ஹிம் ஒன்" எண்டு சண்டைக்கு உசுப்பேத்துறதில முட்டை இல்லை, அது வட ஐரோப்பாவின்ர பழைய நோர்ஸ் மொழிச் சொல்லு. "ஹம்பிள் பை" எண்டு தலைகுனிஞ்சு மன்னிப்புக் கேக்கிறதுக்குச் சொல்லுறதில உண்மையாவே சாப்பாடு இருக்கு. மானின்ர ஈரல், குடல் எல்லாத்துக்கும் அம்பிள்ஸ் எண்டு பேர், அதில செய்யிற பை அம்பிள் பை. பணிவு எண்டுற ஹம்பிளும் அதே மாதிரி ஒலிக்கிறதால ரெண்டும் ஒட்டிப்போச்சு.

ஓலெவல் எடுக்கிற பிள்ளையள் வாசிச்சா ஒரு சொல்: இதுகளை கட்டுரையில எழுதாதேங்கோ. "பீஸ் ஒஃப் கேக்" (லேசான வேலை) மாதிரிப் பழகினதைக் கதைக்கேக்க பாவிக்கலாம், ஏட், குக்ட் எல்லாம் சிநேகிதருக்கு மட்டும்.

மாங்குளம் கராச்:

நானும் ஒண்டு சொல்லவா. கனடாவில இருக்கிற மச்சான் கார் வாங்கிப்போட்டு கோல் எடுத்து "அது லெமன் மச்சான், லெமன்" எண்டு அழாத குறையாச் சொன்னவன். நான் மஞ்சள் கலர் எண்டு நினைச்சன். பாத்தா லெமன் எண்டா வாங்கின நாளில இருந்து ஏதாவது ஒண்டு பழுதாகிக்கொண்டே இருக்கிற வாகனமாம். அமெரிக்காவில லெமன் லோ எண்டு சட்டமே இருக்கு, 1982 இல கனெற்றிக்கட் மாநிலத்தில முதல் கொண்டுவந்தவை, திருப்பித் திருப்பித் திருத்தியும் சரிவராட்டி கொம்பனி மாத்திக் குடுக்கோணும் இல்லாட்டிக் காசைத் திருப்பிக் குடுக்கோணும்.

இஞ்ச நாங்கள் என்ன செய்யிறம்? புது வாகனம் எடுத்தவுடன முறிகண்டிப் பிள்ளையாரிட்டக் கொண்டுபோய்த் தேங்காய் உடைச்சு, நாலு சில்லுக்கும் கீழ தேசிக்காய் வச்சு நசிச்சுக்கொண்டுதான் வெளிக்கிடுறம். எங்களுக்குத் தேசிக்காய் வாகனத்தைக் காக்கிறது, அவைக்கு வாகனமே தேசிக்காய். என்ர கராச்சுக்கு வாற பழைய லாண்ட்மாஸ்டருகள் 30 வருசமா ஓடுது, அதில ஒண்டையும் நான் லெமன் எண்டு சொல்லமாட்டன்.

முறிகண்டியான்:

மேல முறிகண்டி எண்டதைக் கண்டிட்டுத்தான் எழுதிறன். "பீநட்ஸ்" எண்டா சொற்பக் காசு எண்டு அர்த்தம், கச்சான். நான் வேலை செய்த ஒரு இடத்தில, பேர் வேண்டாம், சம்பளம் கதைக்கிற கூட்டத்தில ஒரு பெரியவர் மற்றவருக்கு "தீஸ் பீப்பிள் வேர்க் ஃபோர் பீநட்ஸ்" எண்டு சொன்னவர். எனக்கு விளங்காது எண்டு நினைச்சுச் சொன்னவர். எனக்கு விளங்கினது, ஆனா சம்பளம் குறைவு எண்டதை விட எனக்குச் சுட்டது வேற.

என்ர அம்மா ஏ9 ரோட்டில கோயிலுக்கு முன்னால கச்சான் வித்துத்தான் எங்கள் மூண்டு பேரையும் படிப்பிச்சவ. விடியவே பெரிய தாச்சியில மணலைச் சூடாக்கி, கச்சானைக் கொட்டி, அகப்பையால கிளறிக் கிளறி வறுப்பா. வறுத்த மணத்தில இருந்தே எப்ப இறக்கிறது எண்டு அவவுக்குத் தெரியும், கோது உடைச்சுப் பாக்கத் தேவையில்லை. பேப்பரில சரை சுத்துறது நான். பஸ்ஸுகள் நிக்கிற அஞ்சு நிமிசத்துக்குள்ள யன்னலுக்கு யன்னல் ஓடி வித்து மிச்சக்காசு சரியாக் குடுக்கோணும், பஸ் எடுத்தா பின்னால ஓடித்தான் காசு வாங்கோணும். அந்தக் கச்சான்தான் என்ர பள்ளிக்கூடச் சப்பாத்து, என்ர சோதினை பீஸ். அதை ஒண்டுக்கும் உதவாத காசுக்குப் பேரா ஒருத்தர் சொல்லேக்க எனக்குக் காது அடைச்சுப் போச்சு. இங்கிலிஷ்காரர் சொல்லுறதில பிழை கண்டுபிடிக்க நான் வரேல்ல, அவைக்கு அது மலிவான கொட்டை, அவ்வளவுதான். ஆனா நான் இண்டைக்கு வரைக்கும் அந்தச் சொல்லை வாயில எடுக்கிறேல்ல. சம்பளம் குறைவு எண்டா குறைவு எண்டு சொல்லுவன்.

முத்தையன்கட்டு மாமி:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறன். ஒட்டுசுட்டான் தம்பி எழுதினதை வாசிச்ச உடன கோல் எடுத்தனான், அங்க காலமை, அவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவள். நான் நோ சோல்ட்டி, நோ சோல்ட்டி எண்டு மட்டும்தான் முதல் சொன்னது, அவள் அழத் தொடங்கிட்டாள். நான் ஏன் கோவிச்சனான் எண்டும் ஒளிக்காமல் சொன்னன். ஓ மை கோட் மாமி எண்டு தலையில கை வச்சவள். பிறகு தாய்க்கும் சொல்லியிருக்கிறாள், அண்ணி அந்தச் சிரிப்புப் படம் சந்தோசத்தில போட்டதெண்டு சொல்லி எனக்குத் தனியா ஒரு கோல் எடுத்தவ. ஏச்சு விழேல்ல.

முறிகண்டித் தம்பி, உங்கட அம்மாவை நான் கண்டிருப்பன். எத்தினை தரம் அந்த இடத்தில பஸ் நிக்கச் சரை வாங்கியிருக்கிறன்.

மருமகள் இப்ப ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறாள், தான் ஒரு சொல்லுச் சொன்னா நான் ஒண்டு சொல்லோணுமாம். "உன்ர பருப்பு இஞ்ச வேகாது" எண்டதைச் சொன்னன், விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் போச்சு, உன்ர சுத்துமாத்து இஞ்ச சரிவராது எண்டு. அதைத் தம்பிக்காரனுக்கு நாளுக்கு மூண்டு தரம் சொல்லுறாளாம். "கறிவேப்பிலை மாதிரி" எண்டதையும் சொன்னன், தேவைக்குப் போட்டிட்டுச் சாப்பிடேக்க எடுத்து எறியிறது எண்டு. அதைக் கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, தன்ர ஒரு சிநேகிதி தன்னை அப்பிடித்தான் நடத்தினவ எண்டு சொன்னாள். இங்கிலிஷில அதுக்குச் சரியான சொல்லு இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை தானே புட்டு அவிச்சுப் படம் அனுப்பினவள். கட்டி கட்டியாத்தான் இருந்தது, தண்ணி கூடிப்போச்சு, குழைச்ச கை பழகேல்ல. நான் ரீச்சர் சொன்ன மாதிரி இதைச் சோதினையில எழுதப் போறேல்லத்தானே எண்டு நினைச்சு "யூ ஏட் பிள்ளை, நோ கிரம்ஸ்" எண்டு போட்டன்.

கடையில வாங்கின மாவில எங்கட ருசி வரேல்ல எண்டு இப்ப வறுத்த சிவப்பரிசி மா கேக்கிறாள். இந்த மாசம் ஆரும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து லண்டன் போற ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ, ஒரு ரெண்டு கிலோ குடுத்துவிட. நல்லா வறுத்து அரிச்சு, ரெண்டு பையாக் கட்டித் தருவன்.